முள் ஒடித்த கெளுத்தி

மன்னார்குடி
மாசி 12

அன்புள்ள சேகர்,

பேத்தி பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்காக நஞ்சின் வீரியத்தைக் குறைக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். "நஞ்சைக் குறைத்தால் மருந்தும் வலுவிழக்காதா?" என்று கேட்டிருக்கிறாய். இந்த மாதம் இதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

தை கடைசியில் நம் வயலில் கட்டுத் தூக்கும்போது செல்வியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். பிறகு நர்ஸ் குழாயை மெல்லச் சாய்த்தார். உறையவே இல்லை, தண்ணீராக ஓடியது. நஞ்சு முறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள். 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதனை, மறுபடி மருந்து. நடுவில் உடம்பெல்லாம் தடித்து, பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். மருந்திலுள்ள குதிரைப் புரதம் ஒத்துக்கொள்ளாததால் வந்தது அது. பிழைத்துவிட்டாள், கால் வீக்கம் மட்டும் இன்னும் வற்றவில்லை.

குதிரையின் இரத்தத்திலிருந்து வந்த மருந்து என்று சொன்னபோது, "குதிரைக்கு வலிக்காதா ஐயா?" என்று கேட்டாள். வலிக்கும். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊறுவதற்காக நஞ்சைத் துளித்துளியாகக் கூட்டி வாரக்கணக்கில் ஊசி போடுகிறார்கள். போட்ட இடம் வீங்கும், சில சமயம் புண்ணாகும். முப்பது வருடம் கால்நடை வைத்தியம் பார்த்த எனக்கு அது பொறுக்கவில்லை.

வலி மட்டும் பிரச்சினை இல்லை. நாகத்தின் நஞ்சில் நரம்பைத் தாக்கும் புரதங்கள் மிகச் சிறியவை. குதிரையின் உடல் அவற்றை லேசில் கண்டுகொள்ளாது. நிறையக் கொடுத்தால் கண்டுகொள்ளும், ஆனால் நிறையக் கொடுத்தால் குதிரையே போய்விடும். உன் பேத்தி அவிழ்க்கப் போவது இந்த முடிச்சைத்தான்.

நம் ஆற்றங்கரையில் கெளுத்தி பிடிப்பவர்கள் முதலில் முள்ளை ஒடிப்பார்களே, நினைவிருக்கிறதா? முள் போனாலும் கெளுத்தி கெளுத்திதான். நஞ்சிலும் கொல்லும் இடம் வேறாகவும் உடல் அடையாளம் காணும் இடம் வேறாகவும் இருந்தால், முன்னதை மட்டும் கெடுக்கலாம். ஃபார்மலின் என்ற ரசாயனம் சேர்ப்பது பழைய வழி, டெட்டனஸ் தடுப்பூசிக்கும் அதுதான். கொஞ்சம் மிஞ்சினால் அடையாளமும் சிதைந்துவிடும். பிரேசில்காரர்கள் அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சைக் கோபால்ட்-60 காமாக் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். வீரியம் வெகுவாகக் குறைந்தும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணம் நின்றது. எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

இன்று நம் மருந்தில் 1 மில்லி, கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். 10 மில்லிக் குப்பிகள் பத்தும் சேர்ந்தால் 60 மில்லிகிராம். குதிரை தாங்கும் நஞ்சின் அளவு கூடினால், அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் வலுவாகும், குப்பி குறையும், செல்விக்கு வந்தது போன்ற நடுக்கமும் குறையும்.

பேத்தியிடம் ஒன்று சொல். ஊசி போட்ட விலங்கு பிழைத்ததோடு நிறுத்திவிட வேண்டாம். கிடைத்த சீரத்தை வீரியம் குறைக்காத நஞ்சோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டில் பெருமளவு நஞ்சு கொடுக்கிறது. ஊருக்கு ஊர் நஞ்சு மாறும் என்பதால் நம் டெல்டாப் பாம்பின் நஞ்சிலும் சோதிக்கட்டும்.

பங்குனியில் அவளையும் அழைத்துக்கொண்டு வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ஊசி போட்ட இடம் எப்படி இருக்கிறது என்று தினமும் குறித்து வைத்தால், அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
ராமு