கண் தானத்துக்குப் புண்ணியக் கணக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். ‘கண் கொடுத்தால் புண்ணியம்’ என்று பதாகை வைக்கிறோம். ஆனால் புண்ணியக் கணக்கைத் திறந்துவிட்டால், ‘கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாரே’ என்று வீட்டுப் பாட்டி கேட்பதும் அதே கணக்கில்தான் வரும்.

இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண் தான சங்கம் வெளிநாடுகளுக்கும் கருவிழி அனுப்புகிறது. அங்குள்ள பௌத்தர்களுக்குப் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையின் சிபி மன்னன் துணை. நாம் அறிந்த சிபி புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்தான். அவர்களுடைய சிபி கண்களையே கொடுத்தான். மறுபிறவி நம்பிக்கை இரு பக்கமும் உண்டு. அங்கே கொடு என்கிறது, இங்கே கொடுக்காதே என்கிறது. இதை வைத்து எதை முடிவு செய்வது? ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்’ என்று கொடுப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்று புறநானூறு (134) அன்றே தள்ளிவைத்துவிட்டது.

விளைவை வைத்தே பேசலாம். அப்படிப் பேசுகிறவர் பாட்டியின் மனவேதனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவரிடம் மறுபிறவியை மறுத்து வாதாடுவதைவிட, நடக்கப்போவதைச் சொல்வது மேல்: இப்போது பெரும்பாலும் கருவிழியின் மெல்லிய படலத்தை மட்டுமே எடுக்கிறார்கள். சுமார் 20 நிமிடம். இமையை மூடிவிட்டால் முகத்தில் மாற்றம் தெரியாது. இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம்; ஆனால் பார்வை நரம்போ விழித்திரையோ கெட்டவர்களுக்கு இது உதவாது.

படலத்தின் உட்புற செல்கள் அழிந்தால் மறுபடி வளராது. அதனால்தான் இறந்தபின் கண்ணை எடுக்க 6 மணி நேரக் கெடு. அதற்குள் கண்ணைக் கெடுப்பது பல வீடுகளில் மின்விசிறிதான். உடலுக்கு நேர் மேலே ஓடவிட்டால், பாதி திறந்த இமை வழியே கருவிழி காய்ந்துவிடும். விசிறியை நிறுத்துங்கள், ஏ.சி. இருந்தால் ஓடட்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையை அரை அடி உயர்த்தினால் இரத்தக் கசிவும் வீக்கமும் குறையும். கண்ணாடி, சர்க்கரை நோய், கண்புரை அறுவை எதுவும் தடையில்லை. வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமி இருந்தால் ஏற்கமாட்டார்கள். அதற்காகவே கொஞ்சம் இரத்தமும் எடுப்பார்கள்.

‘மூத்த மகன் ஊரிலிருந்து வரட்டும்’ என்று காத்திருந்தே கெடு தாண்டிவிடுகிறது. அருகில் இருக்கும் நெருங்கிய உறவினர் கையெழுத்திட்டால் போதும். இறந்தவர் முன்பே பதிவு செய்து அட்டை வாங்கியிருந்தாலும், கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டியது வீட்டில் இருப்பவர்தான்.

இப்படிக்கு,
கண் வங்கி ஊழியர்கள், மதுரை