ஊருணிக் கல்வெட்டைப் படமெடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம். செட்டிநாட்டுக்கு வருவோரின் காமிரா பெரிய வீட்டு முகப்போடு நின்றுவிடுகிறது. ஊருணிக் கரைக் கற்களையும் குன்றக்குடி மலையடிவாரக் குடைவரைக் கல்வெட்டுகளையும் நிதானமாகப் படமெடுப்போர் குறைவு.

கல்லுக்கு நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்தே தெரியாது. டார்ச்சைக் கல்லை ஒட்டி, 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். இடம், வலம், மேல் என மூன்று பக்க வெளிச்சத்திலும் தனித்தனிப் படம் வேண்டும். வெளிச்சத்தின் போக்கிலேயே ஓடும் கோடுகள் ஒரே படத்தில் தப்பிவிடும். ஓரத்தில் 30 செ.மீ. அளவுகோல் இருக்கட்டும்.

சுண்ணாம்பு, கோலமாவு பூசவே கூடாது. பொடி பள்ளத்தில் இறுகிவிடும். தவறாகத் தீட்டிய எழுத்து அடுத்தவர் வாசிப்பையும் கெடுக்கும். ஊர்ப்பெயர், கல் இருக்கும் திசை, தேதி மூன்றையும் படத்தோடு எழுதி வையுங்கள்.

- ஒரு வாசகர், காரைக்குடி