தேதித்தாளின் பின்பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் சாப்பிடும்போது கேட்டாய், "கைப்பிள்ளையா இருக்கும்போது நான் ரொம்ப அழுவேனாப்பா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். "அவர்ட்ட ஏன் கேக்க? அவர் ஊர்லயே இல்ல." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது. படுத்த பிறகுதான் அது முள் மாதிரி குத்த ஆரம்பித்தது. நேரில் பதில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள். அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இல்லை என்பது உண்மைதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். நீ பிறந்தது 2012 செப்டம்பர் 13, வியாழக்கிழமை, கோவில்பட்டியில். எனக்கு வேலை இங்கே திருப்பூரில், பனியன் கம்பெனியில், கட்டிங் பிரிவில். மூன்றாம் மாதமே உங்களை அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது முடியும்போது மார்கழி குறுக்கே வந்தது. மார்கழியில் பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். ஆச்சி சொன்னால் சொன்னதுதான். ஆக, தை பிறக்கும்வரை எனக்குக் கிடைத்தது 18 ஞாயிறு. அதில் இரண்டை ஏற்றுமதி அவசரம் தின்றுவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் கிளம்புவேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை ஆரப்பாளையம். அங்கே இறங்கி, மாட்டுத்தாவணிக்கு ஒரு டவுன் பஸ். மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி வண்டி. முந்தின வருஷம்தான் பஸ் டிக்கெட்டை ஏற்றியிருந்தார்கள், அது வேறு. விடியும் முன் கோவில்பட்டியில் இறங்கி, டீ குடித்து, வாய் கொப்பளித்து, கைகால் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அப்படியே உன்னைத் தூக்க முடியாது. ஆச்சி வாசலிலேயே நின்று பார்ப்பார்கள்.

பிறந்தபோது நீ இரண்டு கிலோ எழுநூறு. முதல் ஞாயிறு வந்தபோது இரண்டு ஐநூற்றைம்பதுதான் இருந்தாய். நான் பதறிப்போய் நர்ஸம்மாவிடம் ஓடினேன். பிறந்த முதல் சில நாளில் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் எடை இறங்கும், பத்து நாள், இரண்டு வாரத்தில் திரும்பிவிடும் என்று அந்தம்மா நிதானமாகச் சொன்னார்கள். சீம்பாலைக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, "அப்புறம் என்ன?" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். துணி வெட்டும்போது நூறு கிராம் குறைந்தால் எங்கே போச்சு என்று கணக்குக் கேட்கிறவன் நான். எனக்கு எப்படி மனசு ஆறும்?

அடுத்தது குளியல். இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது.

பின்கட்டில் மணையைப் போட்டு, ஆச்சி சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, இரண்டு காலையும் நீட்டி உட்காருவார்கள். அந்தக் கால்தான் உன் குளியல் தொட்டி. முதலில் மல்லாக்க, அப்புறம் குப்புற. எண்ணெய், அதன்மேல் பாசிப்பயறு மாவு. வெந்நீர் விளாவுவது உன் அம்மா, முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது ஆச்சி, செம்பில் மொண்டு ஊற்றுவது நான். ஆச்சி என்னிடம் நேராகப் பேச மாட்டார்கள். நான் ரெண்டடி தள்ளித்தான் நிற்பேன், இருந்தாலும் உன் அம்மாவிடம்தான் சொல்வார்கள்: "மெதுவா ஊத்தச் சொல்லு. பிள்ளைக்கு மூச்சு முட்டுது பாரு." உச்சிக்குழி துடிப்பதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். தண்ணீர் வழிந்து இறங்கிய பிறகு, ஈரத் தலையில் அந்த ஓர் இடம் மட்டும் ஏறி இறங்கியது. செம்பைக் கீழே வைத்துவிட்டேன். "தண்ணி எங்க?" என்று உன் அம்மாவிடம் கேட்டார்கள்.

காதிலும் மூக்கிலும் ஊதக் கூடாது என்று கிராம சுகாதார நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டார்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றதற்கு மட்டும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு சமாதானம்: உன்னைத் திண்ணையில் விட்டுவிட்டு, உன் துணிக்கு மட்டும் புகை.

இதில் என் வருத்தம் என்ன தெரியுமா? தலைக்கு ஊற்றினால் நீ நாலு மணி நேரம் அசையாமல் தூங்குவாய். ஆச்சி எனக்காகவே தலைக்குளியலை ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். நான் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, மூன்று செம்பு தண்ணீர் ஊற்றி, மத்தியானம் வரை ஒரு தொட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குளியலைச் சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்று உன் அம்மா வழியாகக் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளை வளரணுமா, இவங்க பார்க்கணுமான்னு கேளு" என்று பதில் வந்தது. நான் அப்புறம் கேட்கவில்லை.

அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். சென்னைக்கு வெளியே எல்லா ஊரிலும் அதே கதை. ராத்திரி ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், சில நாள் வராமலே இருக்கும். உன் அம்மா தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பாள். ஒரு கை கயிற்றில், இன்னொரு கையில் பனையோலை விசிறி. எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியது. ஏற்றுமதிச் சரக்கு நிற்கக் கூடாதே. என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும்போதெல்லாம் அந்த விசிறி ஞாபகம் வரும். போன் பண்ணினால் கிசுகிசுவென்று பேசுவாள், "இப்பதான் கண்ணு மூடுச்சு" என்று வைத்துவிடுவாள்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். கட்டிங்கில் மிஞ்சும் பனியன் துண்டுகளைக் கேட்டு வாங்கி, துவைத்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு பை நிறையக் கொண்டு போனேன். ஆச்சி தொடவில்லை. பச்சைப் பிள்ளைக்குப் பழைய துணிதான் ஆகும், தாத்தா வேட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் விடாமல் மழை பெய்து, வேட்டித் துண்டு ஒன்றுகூடக் காயாத ஒரு வாரத்தில்தான் என் பை திறந்தது. அடுத்த ஞாயிறு கொடி முழுக்க வெள்ளைப் பனியன் துண்டுகள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவைவிட்டுக் கேட்கச் சொன்னார்கள்: "இன்னும் கிடைக்குமான்னு."

சரி, தேதித்தாள்களுக்கு வருகிறேன்.

ஆச்சி வீட்டில் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் தாளைக் கிழிப்பது ஆச்சி. நீ பிறந்து பதினாறாம் நாளிலிருந்து உன் அம்மா கிழித்த தாளை வாங்கி வைத்துக்கொண்டு, பின்பக்கம் ஒன்றிரண்டு வரி எழுத ஆரம்பித்தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சூலம். பின்பக்கம் நீ. ஞாயிறு சாயங்காலம் நான் கிளம்பும்போது ஏழு தாளையும் ஊக்கு குத்தி என் சட்டைப் பையில் வைப்பாள். சாத்தூர் தாண்டுவதற்குள் படித்து முடித்துவிடுவேன், பிறகு மறுபடி முதலிலிருந்து.

"மூணு தடவ வெளிக்குப் போனா. மஞ்சள்." "தும்மினா. அவளே பயந்துட்டா." "ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு வரை முழிப்பு. காரணம் தெரியல." ஆறாம் வாரம் தடுப்பூசி. அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதான் போடுவார்கள், அதனால் உன் மூன்று ஊசியில் ஒன்றுக்குக்கூட நான் இல்லை. தாளில் இவ்வளவுதான்: "தொடையில் ஊசி. காய்ச்சல். அம்மா அழுதாங்க, நான் அழல." அந்த 'அம்மா' ஆச்சி. அப்படிப்பட்ட ஆச்சி அழுதார்கள் என்பதை நம்ப எனக்கு ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

தூக்கத்தில் நீ சிரிப்பாய், உடனே உதட்டைப் பிதுக்குவாய். நரி மிரட்டுது என்பார்கள். அதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நவம்பர் 1 தாளில் எழுதியிருந்தது வேறு: "இன்னைக்கு சிரிச்சா. நரி இல்ல. என்னப் பார்த்து." படித்தது நாலாம் தேதி ராத்திரி, பஸ்ஸில். அன்று பகல் முழுக்க உன்னோடுதான் இருந்தேன், தூங்கிக்கொண்டிருந்தாய், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் லீவு. மூன்று நாள் உன் முன்னால் கோமாளித்தனம் பண்ணினேன். நாலாம் நாள் சிரித்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாயா, எனக்குப் பின்னால் ஆடிய விசிறியைப் பார்த்துச் சிரித்தாயா என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்பாள். என்னைப் பார்த்துத்தான்.

உன் தமிழ்ப் பாடத்தில் பிள்ளைத்தமிழ் வந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். பிள்ளையைப் பாடுவது மூன்றாம் மாதத்தில்தான் தொடங்குமாம். புலவர்கள் விவரமானவர்கள். அதற்கு முன்னால் பிள்ளை தூங்கும், அழும், நனைக்கும், பாட என்ன இருக்கிறது? உன் அம்மா நெருக்கி நெருக்கி எழுதியது முழுக்க அந்த மாதங்களைத்தான். பின்னால் போகப் போக வரி குறைந்துகொண்டே வருகிறது. ஜனவரி 8: "குப்புற விழுந்தா. கை மாட்டிக்கிச்சு. அம்மா கொழுக்கட்டை சுட்டாங்க." பொங்கல் முடிந்து உங்களை இங்கே கூட்டி வந்ததோடு எழுதுவது நின்றுபோனது.

அந்தத் தாளெல்லாம் இன்னும் இருக்கிறது. பரணில், பனியன் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. எடுத்தால் ஊக்கைப் பார்த்துக் கழற்று, துருப்பிடித்திருக்கும். ஒன்று மட்டும் குறையும். டிசம்பர் 7, வெள்ளிக்கிழமைத் தாள் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊக்கைக் கழற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது காற்றில் போய்விட்டது. படிக்கவே இல்லை. கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "என்ன சார், செக்கா?" என்றார். காலண்டர் தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று உன் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு என்ன எழுதியிருந்தாய் என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தூங்கியிருப்பா" என்றாள்.

அன்புடன்,
அப்பா