கார்த்திக்கு, அப்பா எழுதுவது

மயூர் விகார், டெல்லி
ஜூன் 14

அன்புள்ள கார்த்தி,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரண்டு ஞாயிறாக உன் போன் இல்லை. ஏப்ரலில் உங்கள் அப்ரைசல், அந்த வருஷ மதிப்பீடு, முடிந்திருக்கும். நீ எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் வந்திருந்தபோது பால்கனியில் நின்று உன் டீம் பெண் ஒருத்தியிடம் பேசினாய். ஒட்டுக்கேட்கவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இந்த வருஷம் உனக்கு ரேட்டிங் மூணுதான் வரும்" என்றாய். அப்புறம் ரொம்ப நேரம் அவள்தான் பேசினாள். "ஜூலையிலேயே சொல்லியிருக்கணும், ஸாரி" என்று வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்தாய். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

உனக்குக் கீழே எட்டுப் பேர். மலை மந்திர் முருகன் கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்த எட்டுப் பேரிடமும் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வாயைத் திறப்பாய் என்றால் அது சரியில்லை, கார்த்தி. இந்த வாரம் செய்ததை இந்த வாரமே சொல். மொட்டையாக "நல்லா பண்ணினே" என்று சொல்லாதே, எது நல்லது என்று சொல். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். ஆனால் சொல்லிவிடு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. உனக்கு அந்த மாமாவை நினைவிருக்கும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நமக்கு மேல் மாடி, உனக்குக் காத்தாடி ஒட்டித் தருவார். என் செக்‌ஷனில்தான் இருந்தார். பார்லிமென்ட் கூடியிருக்கும்போது கேள்விகளுக்குப் பதில் தயார் செய்ய ராத்திரி ஒன்பது மணி வரை உட்காருவார். ஒரு நாளும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஃபைலில் அவர் எழுதும் நோட்டிங் மட்டும் நீளம், மேலேயிருந்து ஃபைல் திரும்பி வரும். எரிச்சலோடு நானே அடித்துத் திருத்தி எழுதி அனுப்புவேன். கூப்பிட்டு, "இப்படிச் சுருக்கமாக எழுதுங்கள்" என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. வருஷக் கடைசியில் அவர் சி.ஆரில், அதாவது அவரைப் பற்றிய ரகசிய அறிக்கையில், "சுமார்" என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அதேதான்.

அப்போது மோசமான குறிப்பை மட்டும்தான் ஆளுக்குத் தெரிவிக்க வேண்டும். "சுமார்" அந்தக் கணக்கில் வராது. பதவி உயர்வுக்கோ "நன்று" வேண்டும். பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. ஏன் என்று என்னிடமே வந்து கேட்டார். கமிட்டி முடிவு என்றேன்.

2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தேவ் தத் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எல்லைச் சாலைப் பிரிவில் இருந்த எஞ்சினியர் அவர். "மிக நன்று" தேவைப்பட்ட இடத்தில் ஒரு வருஷம் "நன்று" என்று விழுந்ததால் பதவி உயர்வு போயிற்று. எந்தக் குறிப்பானாலும் அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது கோர்ட். மறு வருஷமே முழு அறிக்கையையும் காட்ட வேண்டும், பதில் சொல்ல 15 நாள் தர வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. தீர்ப்பைப் பேப்பரில் படித்த அன்று காலை ஆபீஸுக்குப் போகக் கால் வரவில்லை. "நன்று" என்பதையே சொல்ல வேண்டும் என்றால் நான் எழுதியது என்ன? அதற்குள் மாமா ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். விலாசம் இருந்தது. எழுதவில்லை. அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நீ அந்தப் பெண்ணிடம் ஸாரி சொன்னாய். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. ஆனால் ஸாரியோடு நிறுத்தாதே. இந்த ஜூலையில் உட்கார்ந்து பேசு. மாதம் ஒரு தரம், அரை மணி நேரம் போதும். என்ன நன்றாக இருக்கிறது, எது போதவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும். ஏப்ரலுக்குக் காத்திருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு என்ன போட்டார்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா