சொடுக்கினால் சூதாட்டம்: ஐரோப்பிய ஆணையத்தின் பண்பாட்டுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு,

வணக்கம். பாரிஸில் மேடைக் கலைஞர்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஒரு பொம்மலாட்டக்காரருக்காகப் பழைய கூட்டுத் திட்டம் ஒன்றின் அறிக்கையைத் தேடினேன். பொதுப்பணத்தில் நடந்த திட்டம். முகவரி சரிதான், சொடுக்கினால் சூதாட்டத் தளம் திறந்தது! நிதி முடிந்ததும் டொமைனை, அதாவது தளத்தின் பெயர் முகவரியை, புதுப்பிக்க ஆளில்லை, யாரோ வாங்கிப்போட்டுவிட்டார்கள். மேல் ஓரத்தில் திட்டத்தின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தத் தொழிலில் நம்பித் திறக்கக்கூடிய தளங்கள் கொஞ்சம்தான். கலைஞர்களின் பயணத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று நாட்டுவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் 'ஆன் தி மூவ்' ஒன்று. இன்னொன்று, நாடுகளின் பண்பாட்டுக் கொள்கைகளைத் தொகுத்து வைத்திருக்கும் 'காம்பெண்டியம்'. 1998இல் ஐரோப்பிய மன்றத்தின் முயற்சியில் தொடங்கி (அந்த மன்றம் வேறு, உங்கள் ஒன்றியம் வேறு என்பதை வாடிக்கையாளர்களுக்கு நான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்), இன்று தனிச் சங்கமாக நடக்கிறது. பண்பாட்டுச் சட்டம், செலவு, நிர்வாகம் என ஒரே தலைப்பு வரிசையில் பல நாடுகளையும் எழுதியிருப்பதால், போலந்தையும் போர்ச்சுகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கலைஞர் எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அப்போதுதான் புரியும்.

ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை இணையத்தில் காட்டும் யூரோப்பியானா தளம், 2008 நவம்பர் 20 அன்று திறந்த அன்றே கூட்டம் தாங்காமல் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஆளும் பணமும் இருந்தன. இரண்டு மூன்று பேர் நடத்தும் ஒரு வலையமைப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கலை, பண்பாட்டுக்கு உங்கள் ஒன்றியம் பணம் தரும் 'கிரியேட்டிவ் யூரோப்' திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை சுமார் 244 கோடி யூரோ. ஒரு டொமைனுக்கு ஆண்டுச் செலவு, இந்த ஊரில் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு. 2028 முதல் கிரியேட்டிவ் யூரோப்புக்குப் பதிலாக வர நீங்கள் 2025 ஜூலையில் முன்வைத்த 'அகோரா ஈயூ'வின் மானிய ஒப்பந்தத்தில் ஒரு விதி சேருங்கள்: திட்டம் முடிந்து பத்து ஆண்டுகள் தளம் திறந்திருக்க வேண்டும், முடியாதவர்கள் மூடுமுன் முழுப் பிரதியையும் பொதுக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். அதற்கான செலவையும் மானியக் கணக்கிலேயே காட்ட விடுங்கள். இல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள், நானும்தான்.

பொம்மலாட்ட அறிக்கை கடைசியில் கிடைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இணையக் காப்பகத்தில், படங்கள் இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு விண்ணப்ப எழுத்தர்