தகவல் உரிமையைச் சுருக்கும் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசின் சட்டம் வருவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, 1997-இல், தகவல் பெறும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழகம். அதில் விலக்குகளே மிகுதி என்பது வேறு செய்தி. இன்று நடைமுறையில் உள்ள 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எளிய தமிழில் மனு எழுதினால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள், உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதெனில் 48 மணி நேரத்துக்குள், பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை, அவருக்கு அபராதம் விதிக்கலாம்.

ஆனால், 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதைப் பற்றி மக்களிடையே போதிய பேச்சில்லை. பொது நடவடிக்கைக்கோ பொது நலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் சொந்தத் தகவலை மட்டும் மறுக்க இடமளித்த அப்பிரிவு, இப்போது சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் எனச் சுருங்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க இயலாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கலாகாது என்ற வாசகமும் நீக்கப்பட்டுள்ளது. பொது நலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது. எனினும் அதை மனமுவந்து பயன்படுத்தும் அலுவலர் எத்தனை பேர்?

ஒப்பந்தக்காரர், பயனாளி, அதிகாரி ஆகியோரின் பெயர்களின்றி முறைகேட்டுச் செய்தி எதையும் நிருபர் உறுதிசெய்ய முடியாது என்பதால், இது பத்திரிகைச் சுதந்திரத்தின் சிக்கலும் ஆகும். இத்திருத்தத்தை விளக்கியும், மறுக்கப்பட்ட மனுவுக்கு 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யும் முறையைக் கற்பித்தும், தங்கள் நாளிதழ் வாரம் ஒரு பத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.