சிறுநீரகத் தமனியை முதலில் பார்

அன்புள்ள கயல்,

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே கிராஃப்ட் வைப்பது பற்றிப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதுகிறேன்.

வீக்கம் 5.5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, சிறுநீரகத் தமனிக்குக் கீழே 10 மில்லிமீட்டர் நல்ல கழுத்துகூட, அதாவது வீங்காத பகுதிகூட, இல்லை என்றால், சாதாரண ஸ்டென்ட் கிராஃப்டுக்கு, அதாவது பெருந்தமனிக்குள் வைக்கும் துணி போர்த்திய குழாய்க்கு, பிடிமானம் கிடைக்காது. சிறுநீரகத் தமனிக்கு ரத்தம் போகப் பக்கத்தில் துளை வைத்த கிராஃப்டா, சின்னக் குழாயாகக் கிளை வைத்ததா என்று யோசிக்க வேண்டும். அங்கே எல்லாரும் வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ சிறுநீரகத் தமனி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்.

கீழ்நோக்கி இறங்கினால் கிளை நன்றாக உட்காரும். மேல்நோக்கி ஏறினால் துளைதான் என் விருப்பம். அதற்குக் கிளை வைத்தால், கிராஃப்டையும் சிறுநீரகத் தமனியையும் இணைக்கும் ஸ்டென்ட் கூர்மையாக வளைந்து மடங்கும், உறைந்து அடைபடும், சிறுநீரகம் போய்விடும்.

ஒரு மில்லிமீட்டர் சிடி வெட்டுகளில் தமனியின் நடுவே மையக்கோடு போட்டு நீயே அள. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராஃப்டில் கடிகார நிலை, அதாவது வட்டத்தைக் கடிகார முகமாக வைத்தால் துளை எந்த மணியில் வருகிறது என்பது, அரை மணி தப்பினால் விளிம்பில் 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சின்னத் துளையே 6 மில்லிமீட்டர்தான், பாதி போச்சு! சிறுநீரகத் தமனியில் முதல் கிளை பிரியும்வரை 15 மில்லிமீட்டராவது இருக்கிறதா பார். இல்லாவிட்டால் ஸ்டென்ட் ஒரு கிளையை மூடிவிடும். சிறுநீரகத்துக்குத் தனியாக வரும் கூடுதல் தமனி 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் காப்பாற்றப் பார். அதைவிடச் சிறியதை மூட வேண்டி வந்தால், சிறுநீரகத்தில் ஒரு பகுதி இழப்போம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடு.

துளை வழியாகப் போகும் ஸ்டென்ட் 3 முதல் 5 மில்லிமீட்டர் பெருந்தமனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த விளிம்பைப் பெரிய பலூனால் விரி. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் துளையோரம் கசியும். மறுமுனையையும் கவனி. மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகம் அசையும். விறைப்பான ஸ்டென்ட் முடிகிற இடத்தில் தமனி மடங்கும். மடிப்பு தெரிந்தால் தானாக விரியும் மெல்லிய ஸ்டென்ட் ஒன்றை உள்ளே நீட்டிவிடு. ஸ்டென்டை வழிநடத்தும் வயரை அதுவரை எடுக்காதே.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் இரவெல்லாம் பட்டினி கிடந்து மதியம் டேபிளுக்கு வருபவரின் சிறுநீரகம் ஏற்கெனவே வறண்டிருக்கும். அதன்மேல் படத்துக்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து வேறு. இரவே சலைன் ஆரம்பிக்கச் சொல். இதயம் பலவீனமானவருக்கு மட்டும் அளந்து கொடு.

இரண்டு பக்கமும் சிறுநீரகத் தமனி மோசம், இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன என்றால் வயிற்றைத் திறந்து செய்வதைத் தயங்காமல் முன்வை. அளவெடுத்துச் செய்யும் கிராஃப்ட் வர வாரக்கணக்காகும். வலியோடு வந்தவர் அவ்வளவு காத்திருக்க முடியாது.

அடுத்த முறை முப்பரிமாணப் படம் மட்டும் அனுப்பாதே கண்ணு. பெயரை நீக்கிவிட்டு, மூல சிடி முழுவதையும் அனுப்பு. கோணத்தை அதில்தான் அளக்க முடியும்.

அன்புடன்,
அம்மா
சென்னை